தாத்தாவின் வெள்ளி ரூபாயைத் தரச்சான்றுக்கு அனுப்பலாமா?

கேள்வி: தாம்பரம் வாசகர், 9 பிப்ரவரி 2025

தாத்தாவின் பீரோவில் ஒரு சுருக்குப்பை நிறைய வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தால் பதினேழு. 1862, 1907, 1911, 1919 என்று பல ஆண்டுகள். கடைசியில் மூன்று மட்டும் 1943. அமெரிக்காவில் நாணயத்தின் தரத்துக்கு எண் போடும் நிறுவனத்துக்கு அனுப்பித் தரக்குறி வாங்கி, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தால் பத்து மடங்கு விலை போகும் என்கிறார் அலுவலக நண்பர். எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. பாலிஷ் போட்டு அனுப்ப வேண்டுமா, அப்படியே அனுப்பலாமா?

9 பிப்ரவரி, இரவு

பாலிஷ் போடாதீர்கள். துணியால்கூடத் துடைக்காதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

10 பிப்ரவரி

பாலிஷைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் பதினேழில் பதினான்கு நாணயங்கள் இந்த நாட்டைவிட்டு வெளியே போகவே கூடாது.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு ஆன நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். தரக்குறி வாங்கத்தான் அனுப்பினேன், திரும்பி வந்துவிடும் என்று சொல்லித் தப்ப முடியாது. சேகரிப்பவர்கள் பலர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. "எல்லோரும் அனுப்புகிறார்களே" என்பார்கள். நான் அனுப்ப மாட்டேன், நீங்களும் அனுப்பாதீர்கள்.

இந்த நூறு ஆண்டுக் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஆண்டுதோறும் நகர்கிறது. 1926 காலணா 2025இல் கோட்டுக்கு இந்தப் பக்கம். 2026இல் அதுவும் தொல்பொருள். உங்கள் பையில் அனுப்பத் தகுந்தவை 1943 மூன்று மட்டுமே.

10 பிப்ரவரி, சற்றுப் பின்

1911 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் மார்பில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை இருக்கும். துதிக்கை குட்டையாக அமைந்துபோனதால் பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டார்கள். அரசு அந்த நாணயத்தைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு துதிக்கையைத் திருத்தி வெளியிட்டது. பன்றி ரூபாய் என்று பெயர் நிலைத்துவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அந்த யானையை ஒரு முறை பாருங்கள். தரக்குறி எதுவும் அந்தச் சந்தோஷத்தைத் தராது.

14 பிப்ரவரி

இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், "நீங்கள் அனுப்பியிருக்கிறீர்களா?" என்று. இல்லை. இருபது ஆண்டுகளாகச் சேகரிக்கிறேன், ஒன்றைக்கூட அனுப்பியதில்லை. இந்த மாதம்தான் முதல் தடவை. பலரிடம் வாங்கி மொத்தமாக அனுப்புகிறவர் ஒருவர் வழியாகப் போகிறது. நேரடியாக அனுப்ப வேண்டுமானால் தரக்குறி போடும் நிறுவனத்தில் உறுப்பினராக வேண்டும், தவிர நாணயம் என்றாலே கூரியர்க்காரர்கள் பின்வாங்குகிறார்கள். என் ஐந்து நாணயங்கள் இவை:

1943 வெள்ளி ரூபாய், பாட்டியுடையது. 1939 வெள்ளி ரூபாய், நான்கு ஆண்டுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கியது. 1947 நிக்கல் ரூபாய், புலி போட்டது. 1943 ஓட்டைக் காலணா. 1969 காந்தி பத்து ரூபாய்.

1939 ரூபாய் மிக அரிது. என் சேகரிப்பிலேயே விலை உயர்ந்தது அதுதான். உண்மையில் அதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும். மற்ற நான்கும் துணைக்குப் போகின்றன.

15 பிப்ரவரி

தரக்குறி என்றால் என்ன என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் அவர்கள் நாட்டுப் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோல் வகுத்தார். உருவமே அழிந்த நாணயம் ஒரு டாலர் என்றால் மாசு மறுவற்றது எழுபது டாலர் என்பது கணக்கு. விலைக் கணக்கு என்றைக்கோ போய்விட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது. 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்று இரண்டு நிறுவனங்கள் தொடங்கின. நாணயத்தைப் பார்த்து எண் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பெட்டியில் அடைத்துத் தருகிறார்கள். அறுபதும் அதற்கு மேலும் வாங்கினால் புழங்காத நாணயம், எம்.எஸ். என்று போடுவார்கள். ஐம்பது முதல் ஐம்பத்தெட்டு வரை, கை பட்டும் படாததுமாக இருப்பவை.

குறையுள்ள உண்மையான நாணயத்துக்கு எண் கிடைக்காது. "டீடெயில்ஸ்" என்று எழுதி, பக்கத்திலேயே காரணமும் எழுதிவிடுவார்கள்: சுத்தம் செய்யப்பட்டது, கீறல், வளையம் அகற்றப்பட்டது. நம் வீட்டுக் காசுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். புளி போட்டுத் தேய்த்திருப்போம். காசுமாலைக்காக ஆசாரி பொடி வைத்து ஊதி வளையம் ஒட்டியிருப்பார். அதற்கும் முன்னால் காசு சோதிக்கும் சராப்பு, வெள்ளி நல்லதுதானா என்று பார்க்க ஒரு குத்து குத்தியிருப்பார்.

16 பிப்ரவரி

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று விட்டுப்போயிற்று: எடை. பழைய ஒரு ரூபாய் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. சித்த மருந்துக் குறிப்புகளில் "ரூபாய் எடை" என்று வருவது இதுதான், "வராகன் எடை" என்பது போல. 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, 1940 முதல் பாதிக்குப் பாதி. நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆளை ஏமாற்றலாம், எடை பொய் சொல்லாது. என் 1939 ரூபாய் 11.64 இருக்கிறது.

19 பிப்ரவரி

இன்று நாணயங்களை உறையில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டியின் ரூபாயை எடுத்ததும் கேட்டார், "வரலட்சுமி நோன்புக்குள் வந்துவிடுமா?"

எங்கள் வீட்டில் கலசத்துக்குள் அரிசியோடு விழும் காசு அதுதான். பாட்டி காலத்திலிருந்து. ஆகஸ்டுக்குள் கட்டாயம் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

உறை பற்றி ஒரு வார்த்தை. வளவளவென்று மடங்கும் மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம். அதில் உள்ள பி.வி.சி. நாளடைவில் பச்சைப் பிசினாக நாணயத்தில் படியும். என் காந்தி பத்து ரூபாய் அப்படிப்பட்ட ஆல்பத்தில் பல ஆண்டு இருந்து காந்தியின் காது ஓரமாகப் பச்சை பூத்திருந்தது. கொஞ்சம் விறைப்பான, பி.வி.சி. இல்லாத உறை என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த அட்டையோடு அனுப்பாதீர்கள். பின்னைப் பிடுங்கும்போது கீறல் விழும். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும்.

பச்சைப் பிசினை அசிட்டோனில் ஊறவைத்து எடுத்துவிட்டேன். தேய்க்கவில்லை.

20 பிப்ரவரி

நேற்று எழுதியதற்கு ஒரு திருத்தம் அவசரமாக. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஊறவைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. அதில் எண்ணெயும் வாசனையும் நிறமும் கலந்திருக்கும். ஆய்வகத்துக்கு விற்கும் கலப்பில்லாத அசிட்டோன் வேறு. கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் ஊதுவத்திக்கும் எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். சட்டென்று பற்றிக்கொள்ளும். பிசினையும் எண்ணெய்ப் பசையையும்தான் அது எடுக்கும், கறுப்பை எடுக்காது. கறுப்பு எடுக்கப்பட வேண்டியதும் இல்லை. வெள்ளி தானாகக் கொள்ளும் கறுப்பு அதன் வயது. நீலமும் ஊதாவுமாக ஓரம் பூத்திருந்தால் அதற்குத் தனி விலையே உண்டு.

2 மார்ச்

படிவம் நிரப்பினேன். நாடு, ஆண்டு, மதிப்பு, அக்கசாலைக் குறி (நாணயம் எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்று காட்டும் அடையாளம்), நாமே சொல்லும் விலை. அந்த விலையை வைத்துத்தான் கட்டணப் பிரிவும் காப்பீடும். கூட்டிச் சொன்னால் கட்டணம் ஏறும், குறைத்துச் சொன்னால் தொலைந்தபோது அழ வேண்டும். சந்தையில் உண்மையாக என்ன விலைக்குப் போகுமோ அதை எழுதினேன்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய நாணயம் அனுப்புகிறவர்களுக்கு: ஆண்டின் கீழே வைரம் இருந்தால் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா.

3 மார்ச்

நம் ஊருக்குத்தான் குறியே இல்லை. சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெரு என்று பெயர் இருக்கிறது, தங்கசாலை பஸ் நிறுத்தம் இருக்கிறது. அக்கசாலை 1869இல் மூடப்பட்டுவிட்டது. வெள்ளிக்கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப் பலகையை நின்று பார்ப்பேன். வராகனும் பணமும் காசும் அடித்த ஊர் இது. கோபுரத்தைச் சுற்றி நட்சத்திரங்கள், மறுபக்கம் பெருமாள் என்று கம்பெனிக்காரனே வெள்ளியில் அரை வராகன் அடித்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.

3 மார்ச், இன்னும் கொஞ்சம்

இதைச் சொல்லாமல் தூக்கம் வராது. 1808இல் இங்கிலாந்தில் சோஹோ அக்கசாலையில் சென்னைக்காகப் பத்துக் காசும் இருபது காசுமாகச் செப்பில் அடித்தார்கள். "அட்மிரல் கார்ட்னர்" என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் கப்பல் உடைந்தது. 1980களில் முக்குளித்து எடுத்தார்கள். இன்று உலகம் முழுவதும் சேகரிப்பவர்களிடம் அந்தக் காசு கிடைக்கிறது. நம் பூக்காரி மடியிலும் தயிர்க்காரி சுருக்குப்பையிலும் கிடந்திருக்க வேண்டிய காசு, ஒரு நாள்கூடச் சென்னையில் புழங்கவில்லை. அதனால்தான் சிலவற்றில் எழுத்து இன்னும் கூர்மையாக இருக்கிறது.

11 ஏப்ரல்

தொகுப்பு இன்னும் கிளம்பவில்லை. ஆட்கள் சேரவில்லையாம்.

6 மே

கிளம்பிவிட்டது. "1943, 1947 என்றால் சுங்கத்தில் பழசு என்று நிறுத்த மாட்டார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான சந்தேகம். தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை சான்று தருகிறது. அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. போன ஆவணங்களின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனதுதான் திரும்பி வருகிறது என்று காட்ட அது ஒன்றுதான் உதவும். புறப்படும் முன் இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்துவிடுங்கள்.

15 ஜூலை

முடிவு இணையத்தில் வந்துவிட்டது. பெட்டிகள் வர இன்னும் சில வாரம் ஆகும். மனது சரியில்லை, நாளை எழுதுகிறேன்.

16 ஜூலை

ஓட்டைக் காலணா எம்.எஸ். 64, செம்பழுப்பு. செப்பு, வெண்கலக் காசுகளுக்கு நிறத்தையும் குறிப்பார்கள்: பழுப்பு, செம்பழுப்பு, சிவப்பு. போர்க்காலத்தில் செம்பு மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு அது. என் பழைய தகர டப்பாவில் கிடந்தது. புலி ரூபாய் எம்.எஸ். 62. காந்தி எம்.எஸ். 63. பச்சைக்குக் குறை சொல்லவில்லை.

பாட்டியின் ரூபாய்: டீடெயில்ஸ், சுத்தம் செய்யப்பட்டது.

1939: ஆண்டு திருத்தப்பட்டது. பெட்டியில் அடைக்கவே இல்லை, சாதாரண உறையில் திருப்புகிறார்கள்.

18 ஜூலை

எடை பொய் சொல்லாது என்று பிப்ரவரியில் எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். எடை சரியாகத்தான் இருந்தது. ஏனென்றால் நாணயம் உண்மையானது. 1938 ரூபாய். கடைசி எட்டை மட்டும் யாரோ செதுக்கி ஒன்பதாக்கியிருக்கிறார்கள். வெள்ளி நல்ல வெள்ளி, முகம் நல்ல முகம், ஓர் இலக்கம் மட்டும் பொய். தராசு அதை எப்படிப் பிடிக்கும்?

அனுப்பும் முன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போது பளிச்சென்று தெரிகிறது. ஒன்பதின் வால் மற்ற இலக்கங்களைவிட மெலிந்திருக்கிறது. கீழ்ச்சுழியின் இடப்பக்கம் இருந்த இடத்தில் தளம் சற்றுக் குழிந்து, மேலும் கீழுமாக நாலைந்து நுண்ணிய கோடுகள். நான்கு ஆண்டு என் கையில் இருந்தது. நூறு முறையாவது பார்த்திருப்பேன். வாங்கிய அன்று 1939 ரூபாய் கிடைத்துவிட்டது என்ற பரவசத்தில் இலக்கத்தைப் படித்தேன், பார்க்கவில்லை. விற்றவரை இப்போது தேடிப் பயனில்லை, ரசீதும் வாங்கவில்லை. உங்களில் யாராவது 1939 வாங்கப் போகிறீர்களானால், ஒரு நல்ல 1938ஐயும் உடன் எடுத்துப் போய் பக்கத்தில் வைத்து ஒன்பதை மட்டும் பாருங்கள்.

19 ஜூலை

செலவுக் கணக்குக் கேட்டவருக்கு: கட்டணம், போக வரச் செலவு, காப்பீடு, மொத்தமாக அனுப்புகிறவரின் பங்கு எல்லாம் சேர்த்தால் ஓட்டைக் காலணாவின் விலையைப் போலப் பல மடங்கு. புலி ரூபாய்க்கும் அப்படித்தான். தாம்பரம் நண்பரின் 1943 மூன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செலவைத் திருப்பித் தருவது கடினம். பத்து மடங்கு என்று சொன்னவர் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

ஆனால் நான் வருந்தவில்லை. அந்த 1939 நாணயத்தை நாளைக்கு என் மகன் வேறு ஒருவருக்கு நல்லெண்ணத்தோடு விற்றிருப்பான். அது நடக்காமல் போயிற்று.

5 ஆகஸ்ட்

பெட்டிகள் நேற்று வந்தன. முதல் வேலையாகப் பாட்டியின் ரூபாயை ஒற்றை பல்பின் கீழ் சாய்த்துத் திருப்பினேன். பக்கத்தில் புலி ரூபாய். புலியில் ஒளி, சக்கரத்தின் ஆரக்கால் சுற்றுவது போல முழுதாகச் சுற்றி வருகிறது. பாட்டியின் ரூபாயில் ஒளி நகரவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாகப் பளபளக்கிறது. அரசனின் கன்னத்துக்கு எதிரே இருக்கும் வெற்றிடத்தில், தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் வட்டவட்டமாக. விபூதியைக் கட்டைவிரலால் வைத்துத் தேய்த்தால் எப்படி வட்டம் வருமோ அப்படியே. வலக்கை விரலின் ஓட்டம்கூடத் தெரிகிறது. ஆண்டுக்கு ஒரு தடவை, நோன்புக்கு முதல் நாள், எத்தனை ஆண்டு.

சுத்தம் செய்யப்பட்டது என்று அவர்கள் எழுதியது சரி. ஜூலையில் அதைக் குறை என்று எழுதப் போனேன், நல்ல வேளை எழுதவில்லை. யார், எதற்காக, எந்த நாளில் செய்தார் என்பது எனக்குத் தெரியும்.

7 ஆகஸ்ட், இரவு

நாளை நோன்பு. கலசத்தை எடுத்து வைத்துவிட்டு அம்மா காசைக் கேட்டார். பெட்டியோடு கொடுத்தேன். கலசத்தின் வாயில் வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. ஒன்றும் சொல்லாமல் என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ரம்பப் பிளேடால் பெட்டியின் ஓரத்தை நாலு பக்கமும் அறுத்து, குறட்டால் நெம்பினேன். பிளாஸ்டிக் சத்தமாகத்தான் உடைந்தது. காசுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா காசைத் தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தார். விபூதி டப்பாவைத் தொடவில்லை. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

10 ஆகஸ்ட்

தாம்பரம் நண்பருக்கு. 1943 மூன்றின் படங்களைப் பார்த்தேன். இரண்டில் பழைய வளையத்தின் தழும்பு பன்னிரண்டு மணி இடத்தில் தெரிகிறது, அவற்றை அனுப்ப வேண்டாம். மூன்றாவதில் புருவமும் கிரீடத்தின் வளைவும் தேயாமல் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு காலை வீட்டில் இருப்பீர்களா? தராசும் கண்ணாடியும் கொண்டுவருகிறேன். பன்றி ரூபாயையும் எடுத்து வையுங்கள். என் கையில் இன்னும் ஒன்றுகூட வந்ததில்லை, அந்த யானையை நேரில் பார்க்க வேண்டும்.